கோந்து வைத்த முடிச்சு

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில், காரிடாரில் முட்டி போட்டு உட்கார்ந்து, கறிவேப்பிலை மரத்தின் இடுப்பை அளந்துகொண்டிருந்தேன். கையில் பருமன் அளக்கும் காலிப்பர். வாயில் பென்சில். மூக்கு நுனியில் கண்ணாடி.

கதவு திறந்தது. என் மனைவி தேவகி தோசைத் திருப்பியோடு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா. எவ்வளவு பருத்திருக்குன்னு பாக்கறேன்."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புக்கிட் பாத்தோக்கில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அவள் நட்ட மரம் அது. அதற்கு இதுவரை ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றாத மனிதன், இன்று விடிந்ததும் விடியாததுமாக அதன் காலடியில் உட்கார்ந்து நலம் விசாரிக்கிறான். உள்ளே போனவள் எனக்கு இரண்டாவது காபியோடு திரும்பி வந்தாள். நான் கேட்காமலே. எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை.

வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன். மரத்தின் நலத்தை நான் விசாரிக்கவில்லை. எங்கே அறுத்தால் கணு இல்லாத நேரான கட்டை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாந்தி எடுக்கும் மாலுமி

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு என் கடல் அனுபவம் தெரியும். பாத்தாம் தீவுக்குப் போகும் படகில், படகு துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எனக்கு வாந்தி வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். இஞ்சி மிட்டாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று ஒரு வாசகி அக்கறையோடு எழுதியிருக்கிறார். அம்மா, இஞ்சி மிட்டாயும் சேர்ந்துதான் வந்தது.

இப்படிப்பட்ட நான் காலமெல்லாம் வேலை பார்த்தது ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில். எத்தனையோ கப்பல்களைக் காகிதத்தில் துறைமுகத்துக்குள் விட்டேன், காகிதத்திலேயே வெளியே அனுப்பினேன். ஒன்றின்மீதும் ஏறியதில்லை. ஏறிப் பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் முதுகுவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருந்த ஒரே வேலை ஃப்ரிட்ஜைத் திறப்பதும் மூடுவதும்தான்.

"இப்பதானே திறந்து பாத்தீங்க. அதுக்குள்ள உள்ள புதுசா என்ன முளைச்சிருக்கப் போகுது?" என்று தேவகி சொல்லிப் பார்த்தாள். பிறகு கெஞ்சினாள். "கைக்கு ஏதாவது வேலை வெச்சுக்குங்க. எனக்கு பிரஷர் ஏறுது."

அப்படித்தான் ஒரு பெட்டி வாங்கினேன். மூன்று பாய்மரம் உள்ள பழைய காலத்துக் கப்பல், நாமே ஒட்டிச் செய்ய வேண்டியது. பெட்டியின் மேல் இருந்த படத்தில் அலை, நுரை, கடற்பறவை எல்லாம் இருந்தன. பெட்டியின் உள்ளே ஒரு கட்டுக் குச்சியும் ஒரு நூல்கண்டும் இருந்தன.

சாப்பாட்டு மேசையில் கப்பல் ஏறியது. நாங்கள் சோபாவுக்கு இறங்கினோம். அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பாடு. மடியில் வைத்து ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தேவகியின் பொறுமை புரியும்.

துவரம்பருப்பில் மூன்று துளை

ஒரு சின்ன விளக்கம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படி ஆனேன் என்பது உங்களுக்கு விளங்காது.

பாய்மரம் காற்றில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு வட்ட மரத்துண்டு இருக்கும். அதில் மூன்று துளைகள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சரடு கோத்து இறுக்குவார்கள். மூன்று துளை இருப்பதால் நான் அதை முக்கண் என்கிறேன். நிஜக் கப்பலில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு. என் கப்பலில் துவரம்பருப்பு அளவு.

பெட்டியோடு வந்த முக்கண்கள் மட்டமானவை. துளைகள் கோணல், விளிம்பு பிசிறு. வேறு யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். நான் கவனித்துத் தொலைத்துவிட்டேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

சரி, சொந்தமாகவே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். கட்டையைச் சீவிக் குச்சியாக்க வேண்டும். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளை போட்ட ஓர் இரும்புத் தகட்டில் அந்தக் குச்சியை ஒவ்வொரு துளையாக நுழைத்து இழுத்தால் உருண்டையாகிவிடும். அதன் தலையில், விரலால் சுழற்றும் டிரில்லை வைத்து மூன்று துளை போட வேண்டும். பிறகு வெண்டைக்காய் நறுக்குவதுபோல வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

மரம் சரியில்லை என்றால் பிளந்துவிடும். முதல் துளையில் பிளந்தால் மனம் ஆறும். எப்போதும் மூன்றாவதில்தான் பிளக்கும். தேக்கு பிளந்தது. ஐஸ்கிரீம் குச்சி நார் நாராக வந்தது. சாத்தே இறைச்சி குத்தும் குச்சி மூங்கில், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இவ்வளவு சின்ன சாமானுக்கு நாரே கண்ணுக்குத் தெரியாத மரம் வேண்டும். நார் தெரிந்தால் கப்பல் கப்பலாக இருக்காது, பழைய நாற்காலியில் பாய் விரித்தது போலிருக்கும்.

பிளக்காமல் தப்பித்த ஒன்றிரண்டும் இடுக்கியிலிருந்து தெறித்து ஓடிவிடும். நான் டார்ச்சோடு தரையில் தவழ்வேன். ஒரு நாள் தேவகி, ஊறவைத்த பருப்பிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இது உங்க சாமானா, என் சாமானா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பருப்புதான். பூச்சி துளைத்தது. துளைகள் என்னுடையதைவிட நேராக இருந்தன.

பூரிக்கட்டைப் படலம்

நல்ல மரம் தேடி சிராங்கூன் சாலைக்குப் போனேன். பாத்திரக் கடையில் பூரிக்கட்டைகள் குடை போல ஒரு வாளியில் நின்றன. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். இன்னொன்றை மோந்து பார்த்தேன். மற்றொன்றின் முனையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நகத்தால் அழுத்தினேன். கடைக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், சப்பாத்திக்கா, பூரிக்கா?"

கப்பலுக்கு என்று சொல்ல நா எழவில்லை. "ரெண்டுக்கும்" என்றேன்.

"வீட்டுல அக்காவ ஒரு தடவ கூட்டிட்டு வந்துருங்க சார். அவங்கன்னா சட்டுனு எடுத்துருவாங்க."

மானம் போவதற்குள் ஒரு பூரிக்கட்டை, ஒரு மோர் மத்து, ஒரு மரச்சீப்பு மூன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் தேவகிக்கு ஒரே சந்தோஷம். சமையலறைக்கு நானாக ஒரு பொருள் வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம், நான் பூரிக்கட்டையை மேசையோரக் கவ்வியில் பூட்டி ரம்பத்தை எடுக்கும்வரை இருந்தது.

"முடிச்சிட்டு சொல்லுங்க. அடுத்து கிரைண்டர கொண்டு வரேன், அறுங்க" என்றாள்.

பூரிக்கட்டை மூன்றாவது துளையில் பிளந்தது. மத்துக்குள் புழு இருந்தது. சீப்பு நல்ல மரம்தான், ஆனால் பல்லெல்லாம் போக மிஞ்சியதில் முக்கண் அல்ல, அரைக்கண்கூடத் தேறவில்லை.

பாசிர் ரிஸ் தந்த வினை

என்னைப்போல இன்னொரு கப்பல் பைத்தியம் பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறது. அன்வர் பாய். தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பவர். ஊரின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் நான். நடுவே ரயிலில் ஒரு நல்ல தூக்கம் போடலாம்.

அவர் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் கப்பல் நிற்கிறது. அன்று அவர் ஒரு சின்னக் குச்சியை என்னிடம் நீட்டினார்.

"இதுல போட்டுப் பாருங்க அண்ணே."

டிரில்லை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது. பிளக்கவில்லை. வெண்ணெய் நிறம், மழமழப்பு, நார் என்று ஒரு கோடுகூட இல்லை.

"என்ன மரம் பாய் இது?"

"கறிவேப்பில அண்ணே. எங்க கடைக்குப் பின்னாடி பட்டுப்போன செடில ஒடிச்சேன். ஆனா குச்சில நடுவுல பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும், ஓரத்துலதான் எடுக்க முடியும். கைக்கனத் தண்டு ஒண்ணு கெடச்சா ஆயுசுக்கும் போதும் லா. ஆனா வீட்டு மரத்த யாரு வெட்டித் தருவா?"

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கைக்கனத் தண்டு ஒன்று என் வீட்டு வாசலிலேயே, நீல நிறத் தொட்டியில் நிற்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டும் எண்ணம் எனக்கு இல்லை. அளந்து பார்க்கும் எண்ணம் மட்டும்தான்.

அப்படி அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் காபி வந்தது.

சிவப்புக் கயிறு

அந்த மரம் பேருக்குத்தான் தேவகியின் மரம். எங்கள் மாடி முழுவதும் அதில்தான் தாளித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொக்கியா மக்சிக் மீன் கறி வைக்கும் நாளில் மேலங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து ஒரு கொத்து ஒடிப்பார். கோடி வீட்டுச் சீனப் பெண்மணி ஓட்ஸ் தூள் போட்டு வறுக்கும் சீரியல் இறாலுக்கு ஒடிப்பார். யாரும் கேட்பதில்லை, கேட்டால் தேவகிக்குக் கோபம் வரும். விளக்கு வைத்த பிறகு மட்டும் மரத்தைத் தொடக் கூடாது. அந்தச் சட்டம் மூன்று மொழிக்காரர்களுக்கும் தெரியும்.

இலை ஒடிக்க ஒடிக்க மரம் தழைத்தது. தழைத்துத் தழைத்துக் காரிடாரை அடைத்தது. தலை குனியாமல் யாரும் அதைத் தாண்ட முடியாது என்ற நிலை வந்ததும் நகர மன்றத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தமிழ்ப் பிள்ளை. மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஆன்ட்டி, மரத்த எடுக்கச் சொல்லல. அவசரத்துக்கு ஸ்ட்ரெச்சர் போகணும்னா இடம் வேணும் லா. இந்தக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு மேல வெட்டிட்டு, தொட்டிய ஓரமா தள்ளி வெச்சிட்டா போதும். வர்ற வாரம் வந்து பாத்துட்டு க்ளோஸ் பண்ணிடறேன்."

அவர் கேட்டது நியாயம்தான். தேவகியும் தலையாட்டினாள். அவர் போனதும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றை, கோயிலில் கட்டியதை, அவிழ்த்து மரத்தில் சுற்றினாள். சுவர் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று முடிச்சு.

"இதுக்கு மேல வெட்டிக்குங்க. கீழ ரெண்டு கிளை இருக்கு, அதுல இலை இருக்கு. அதை வெச்சுப் பொழச்சுக்கும். நீங்கதான் விதவிதமா ரம்பம் வெச்சிருக்கீங்களே. நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதும் வெட்டிடுங்க. என்னால நின்னு பாக்க முடியாது."

"அதுக்கென்ன, பாத்துக்கறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை

தேவகி கேலாங்கில் உள்ள சிவன் கோயிலுக்குப் புறப்பட்டாள். புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் மாறிப் போய், சாமி கும்பிட்டு, தோழிகளோடு பேசிவிட்டுத் திரும்ப மதியமாகிவிடும்.

நான் ரம்பத்தோடு மரத்தடியில் நின்றேன். கயிற்றுக்கு மேலே பார்த்தேன். விரல் பருமன்தான், அதுவும் கவட்டை கவட்டையாகக் கோணிக்கொண்டு. கயிற்றுக்குக் கீழே பார்த்தேன். ஆகா. இடுப்பு உயரத்திலிருந்து முழங்கால்வரை நூல் பிடித்தது போல நேராக ஒரு தண்டு. கணு கிடையாது.

அடியொட்டி வெட்டினால் மரம் இன்னும் நன்றாகத் தழையும் என்று எங்கோ படித்த ஞாபகம் அப்போது பார்த்து வந்தது. எங்கே படித்தேன் என்பது மட்டும் வரவில்லை. கொஞ்சம்தான் கீழே, ஒரு சாண், என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு சாண் முழங்கால்வரை வந்துவிட்டது.

கயிறுதான் உறுத்தியது. கோயில் கயிறு. அதை அறுக்க மனம் வரவில்லை. என் பக்தியைப் பாருங்கள், மரத்தை அறுக்க மனம் வந்தது. கப்பலுக்கு நூல் கட்டும் இடுக்கியைக் கொண்டுவந்து, அந்த மூன்று முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினேன். கயிற்றுக்கு மேலேதான் வெட்டினேன் என்று யாரும் சொல்லலாம் அல்லவா.

பிறகு அறுத்தேன். வெட்டிய இலையை எல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி மாடி முழுவதும் கொடுத்தேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். மக்சிக் எனக்கு ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்தார். கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். ஈரம் சட்டென்று வெளியேறினால் விரிசல் விடும், அதற்காக. அடுக்களை ஜன்னல் ஓரத்தில், காற்று வரும் இடத்தில் அதைப் படுக்க வைத்தேன். பச்சைக் குழந்தையை அப்படிப் படுக்க வைத்திருப்பேனா என்பது சந்தேகம்.

மதியம் தேவகி வந்தாள். நெற்றியில் விபூதி. முழங்கால் உயரத்துக்கு நின்ற மொட்டைக் கட்டையைப் பார்த்தாள். ஒரு இலை இல்லை. குனிந்து கயிற்றைப் பார்த்தாள்.

"இது யாரு கட்டினது?"

"நீதானே."

"நான் போட்டது மூணு முடிச்சு. இது ஏதோ பின்னல் மாதிரி இருக்கு." நகத்தால் தட்டினாள். டக் என்றது. "கோயில் கயித்துக்கு இப்ப கோந்து வேற வெக்கிறாங்களா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாதக்கணக்காகக் கப்பலில் கயிறு கட்டிய விரல்கள் இவை. அவற்றுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான், மாலுமிகள் கட்டுகிற முடிச்சு. கட்டி முடித்ததும் நுனியை ஒட்ட நறுக்கி, அவிழாமல் இருக்க ஊசி முனையில் ஒரு சொட்டுக் கோந்து வைத்துவிட்டுத்தான் ஓயும். நான் நினைக்காமலே கை வைத்திருக்கிறது. திருடப் போன இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தேவகி திட்டவில்லை. "சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள். அன்று சாம்பாரில் கறிவேப்பிலை இல்லை. வாசலில் இன்னும் ஒரு கட்டு கிடந்தது, அவள் அதைத் தொடவில்லை.

ஒன்று துளிர்க்கணும், ஒன்று காயணும்

தேவகி பேசுகிற ரகம். காலையில் பால் பொங்குவதிலிருந்து மாலைச் செய்தி வரை அவள் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் 'ம்' போட்டுக்கொண்டு வில்லை அறுப்பேன். வீடு அமைதியாக இருந்தால் வேலை இன்னும் நன்றாக ஓடுமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அமைதி வந்தது. "சாப்பாடு." "மழ வருது." "துணி." அவ்வளவுதான். வேலை ஓடவில்லை. இடுக்கியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் பேச மாட்டாளா என்று ஏக்கமாக இருந்தது. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் உண்மை.

நகர மன்றத்துப் பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். "அங்கிள், இவ்ளோ வெட்டச் சொல்லலையே லா" என்றார். தேவகி கதவருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். கறிவேப்பிலைக்கு மோர்தான் மருந்து என்று தேவகியே முன்பு சொன்னது. மோர் ஊற்றிவிட்டு மொட்டைக் கட்டையைப் பார்ப்பேன். துளிர் இல்லை. உள்ளே போய் ஜன்னல் ஓரத்துக் கட்டையைப் பார்ப்பேன். காயவில்லை. ஒன்று துளிர்க்க வேண்டும், ஒன்று காய வேண்டும். இரண்டும் என்னைப் பழிவாங்குவது என்று ஒரே முடிவில் இருந்தன.

கொடுத்த இலை எல்லோர் வீட்டிலும் தீர்ந்தது. மக்சிக் பழக்கத்தில் கையை மடித்துக்கொண்டு வந்து, மொட்டையைப் பார்த்து, "அலாமாக்" என்று அங்கலாய்த்துத் திரும்பிப் போனார். மறுநாள் எங்கள் இரும்புக் கதவின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை. எங்களுக்காம். இத்தனை காலம் எங்களிடம் ஒடித்தவர், எங்களுக்கு வாங்கித் தருகிறார். தேவகி அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பான இடத்தில் ஒரு துளிர்

ஒரு காலை, காபிக்குத் தண்ணீர் வைக்கப் போனவன் அப்படியே நின்றேன். ஜன்னல் ஓரத்துக் கட்டையில், பட்டையைக் கீறிக்கொண்டு, செம்பச்சை நிறத்தில் ஒரு துளிர். பக்கத்தில் இன்னொன்று. வாசலில் தண்ணீரும் மோரும் குடித்த கட்டை மொட்டையாக நிற்கிறது. இங்கே மெழுகால் வாயடைத்துப் படுக்க வைத்தது இலை விடுகிறது.

அன்வர் பாயை அழைத்தேன்.

"அது உள்ள மிச்சமிருக்கற ஈரம் அண்ணே. அத நம்பாதீங்க. வேர் விடாது. இன்னிக்கே நாலாப் பிளந்து காயப் போட்டுருங்க. விட்டீங்கன்னா கட்டையும் கெட்டுப் போயிரும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தேவகி பின்னால் நின்றாள். அவள் கண் துளிரின் மேல் இருந்தது.

"நட்டாப் பொழைக்குமாங்க?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு முழுசாக ஒரு வாக்கியம். அதன் முடிவில் ஒரு 'ங்க'. பிழைக்காது என்று இப்போதுதான் கேட்டேன், போன் சூடுகூட ஆறவில்லை. நாலாகப் பிளந்தால் என் ஆயுசுக்கும் முக்கண் செய்யலாம். நட்டால் அத்தனையும் மண்ணுக்குள்.

"பொழைக்கும்" என்றேன்.

மெழுகைச் சுரண்டினேன். மொட்டைக் கட்டைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, என் கையாலேயே என் மரத்தை நட்டேன். எனக்கு அழுகை வந்தது. செடிக்காக என்று தேவகி நினைத்தாள். நான் திருத்தவில்லை.

அன்வர் பாய் சொன்னதுதான் நடந்தது. துளிர் கொஞ்ச நாள் பிகு செய்துவிட்டுச் சுருண்டது, கருத்தது, உதிர்ந்தது. கட்டையைப் பிடுங்கி அறுத்துப் பார்த்தேன். உள்ளே நீலமும் கறுப்புமாகப் பூஞ்சை ஓடியிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

வேறு வழியில்லாமல் பெட்டியோடு வந்த அந்த மட்டமான முக்கண்களையே கட்டி, கப்பலை முடித்து, டிவி அலமாரியின் மேல் ஏற்றினேன். சாப்பாட்டு மேசை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. மக்சிக் பார்த்துவிட்டு அழகோ அழகு என்றார். அன்வர் பாய் வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அந்தக் கறிவேப்பில மரம்தானே அண்ணே? பாத்தாலே தெரியுது" என்றார். நான் காபி எடுத்துவர உள்ளே போனேன்.

மோர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. ஓய்வு பெற்ற மனிதனும் கறிவேப்பிலையும் ஒன்றுதான், வாசம் போனதும் சாப்பாட்டு இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஒற்றுமையில் வந்த பாசமாக இருக்கலாம்.

இரண்டு வாரம் முன்பு அப்படி ஊற்றக் குனிந்தபோது தொட்டியின் மறு ஓரத்தில் ஏதோ தெரிந்தது. களை என்று கை வைத்தேன். களை இல்லை. மண்ணை முட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயரத்துக்கு, இரண்டு பக்கமும் குட்டி இலைகளோடு நின்றது. வெட்டிய கட்டையிலிருந்து வரவில்லை. கீழே வேரிலிருந்து வந்திருந்தது.

"தேவகி" என்றேன்.

வந்தாள். குந்தி உட்கார்ந்தாள். ஒரு இலையைக் கிள்ளாமல், விரலால் தடவி மோந்து பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். வேர்க்கன்றுக்கு எப்போதும் தாய்மரத்தைவிட வாசம் அதிகம் என்றாள். கோயிலில் போன வாரம் யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைச் சொன்னாள். மக்சிக்கின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னாள். கோடி வீட்டுப் பெண்மணி இறாலுக்குக் கறிவேப்பிலை இல்லாமல் கொத்தமல்லி போட்டு, வீட்டில் யாரும் சாப்பிடாததைச் சொன்னாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. நான் ஒரு 'ம்'கூடப் போடாமல் கேட்டேன்.

பேசிக்கொண்டே மணிக்கட்டில் இருந்த கயிற்றை அவிழ்த்தாள். புதுக் கயிறு. என் கையில் கொடுத்தாள்.

"கட்டுங்க."

"எங்க?"

விரலால் காட்டினாள். கன்றின் அடியில், மண்ணை ஒட்டி.

"இதுக்குக் கீழ எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்குங்க."

முட்டி போட்டேன். அவள் வழக்கப்படி மூன்று முடிச்சு போடலாம் என்று முதல் முடிச்சை ஆரம்பித்தேன்.

"அது வேணாம். உங்க முடிச்சே போடுங்க" என்றாள். "கோந்தும் வைங்க."

உள்ளே போய்க் கோந்துப் புட்டியையும் ஊசியையும் எடுத்துவந்தேன்.